நகை போட்டாச்சுன்னா பங்கு போயிடுமா?

"உனக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சே, வீட்டுல வேற பங்கா?" அப்பா காலமான பிறகு இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் வரலாம். மணப்பாடு போன்ற ஊர்களில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அது என்ன சொல்லுதுன்னு பாருங்க.

உயில் இல்லையென்றால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சரிசமம். மகன், மகள் வித்தியாசம் கிடையாது. வீட்டின் மதிப்பு ரூ.9 லட்சம், இரண்டு மகன், ஒரு மகள் என்றால் அம்மாவுக்கு ரூ.3 லட்சம், பிள்ளைகளுக்குத் தலா ரூ.2 லட்சம். அப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த நகை, பணத்தை இதில் கழிக்க முடியாது. பிரிவு 49 இதைத் தெளிவாகச் சொல்கிறது.

என்ன செய்யணும்?

• இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியரிடம் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். திருமணமான மகளின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

• விடுதலைப் பத்திரத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. பதிவாகிவிட்டால் ரத்து செய்வது கஷ்டம்.

• உயில் எழுதினால் இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவரோ அவரது கணவன், மனைவியோ சாட்சியாக இருந்தால், அவருக்கு எழுதியது செல்லாது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தூத்துக்குடி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். அல்லது உங்கள் போனிலிருந்தே 15100-ஐ அழையுங்கள்.