பந்துக்கும் ஒரு பந்தல்

கொடியேற்றம் தொடங்கித் தேர்ப்பவனி முடியும் வரை பத்து நாள்களுக்காக நம் ஆலயத் திடல்களில் பந்தல் எழுகிறது. வாழை மரமும் தோரணமும் வண்ண விளக்குமாய் அது பொலியும். பந்தற்காலைப் பிடுங்கிக் குழி மூடிய மறுநாள் மாலையில் அதே திடலுக்கு முதலில் வந்து சேருகிறவர்கள் நம் வீட்டுச் சிறுவர்கள். இரண்டு செங்கற்களை வைத்து ஒரு கோல் கம்பம். அந்தப் பக்கம் இரண்டு செருப்புகள். ஆட்டம் தொடங்கிவிடும்.

சுரண்டை வட்டாரத்தில் இப்படி ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்றால் சிலர் வியப்படைவார்கள். காலால் பந்தை உதைப்பதற்குக் கூரை எதற்கு? குற்றாலச் சாரல் சுரண்டைக்கு வந்து சேருவதற்குள் பாதி காற்றாகி விடுகிறதே! உண்மைதான். நமக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் மழையைவிட வெயிலுக்கே இங்குக் கூரை தேவைப்படுகிறது. பள்ளி விடுமுறையும் அக்கினி நட்சத்திரமும் ஒருசேர வருகின்றன. பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் மாதத்தில் திடலில் கால் வைக்க முடிவதில்லை. பொழுது சாய்ந்தபின் விளக்கு இல்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். விளக்கும் பாதுகாப்பும் இல்லாத திடலுக்கு எந்தத் தாய் தன் மகளை அனுப்புவாள்? தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணி 2018-இலும் 2023-இலும் தேசிய வாகையர் பட்டம் வென்றது என்ற செய்தியைப் படித்து மகிழ்கிறோம். மதுரையைச் சேர்ந்த சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீக் போட்டியில் வென்றதையும் அறிவோம். அத்தகைய பெண் ஒருத்தி நம் தெருவிலும் இருக்கக்கூடும். அவள் ஆடிப் பார்க்க இடம் எங்கே?

இடத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கணக்கு. பதினொருவர் ஆடும் முழு மைதானத்துக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம் வேண்டும். அதற்குக் கூரை போடுவது நம்மால் ஆகாத காரியம். ஆனால் அணிக்கு ஐவராக ஆடும் சிறு கால்பந்து ஒன்று உண்டு. 1930-இல் உருகுவே நாட்டின் மொந்தேவீதியோ நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் பணியாற்றிய உவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் அதனை வகுத்தார். பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற வீரர்கள் பலர் சிறுவயதில் இவ்வாட்டத்தில்தான் கால் பழகினார்கள். நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம் போதும். நம் கணக்கில் இருபது சென்ட். கோல் கம்பம் மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்டது. பந்து சற்றுச் சிறியது, அதிகம் எம்பாதது. கூரை தரையிலிருந்து நான்கு மீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. நம் வெப்பத்துக்கு இன்னும் உயர்த்துவதே நலம்.

நம் ஊர்க் காற்றையும் மறந்துவிடக்கூடாது. சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகளை நட்டிருப்பது அழகுக்காக அல்லவே. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று, சரியாகப் பிணைக்காத தகரத்தைப் பெயர்த்து அடுத்த வயலில் போட்டுவிடும். ஆகவே செலவைக் குறைப்பதென்றால் தரையில் குறைக்கலாம், சுவரில் குறைக்கலாம். தூண்களின் அடித்தளத்திலும் கூரைப் பிணைப்பிலும் குறைக்கவே கூடாது. பக்கங்களுக்குச் சுவர் எழுப்பாமல் வலை கட்டினால் காற்றும் போகும், பந்தும் நிற்கும். கல்நார் ஓடு வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று ஐயமற்ற செய்தி.

இப்படிக் கூரை தேடி அலைந்த குருவானவர் ஒருவரை நாம் நன்கு அறிவோம். புனித தொன் போஸ்கோ தூரின் நகரில் தெருப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இடம் இடமாகத் துரத்தப்பட்டார். பிள்ளைகள் போடும் கூச்சலைப் பொறுக்காத அக்கம்பக்கத்தார் ஓரிடத்தில் முறையிட்டார்கள். வேறோர் இடத்தில், இவர்கள் மிதிக்கும் மிதியில் புல்லின் வேர்கூட மிஞ்சாது என்று நிலத்துக்காரர்கள் கைவிரித்தார்கள். இறுதியில் பினார்தி என்பவருக்குச் சொந்தமான தாழ்ந்த கொட்டகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்குக் கூரை தாழ்வு. கூரையை உயர்த்த வழியில்லாமல் தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள்! 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழா அன்று பிள்ளைகள் அதில் குடிபுகுந்தார்கள். பக்கத்திலிருந்த வெற்றிடம் விளையாட்டுத் திடலாயிற்று. பின்னர் கோவில் கட்டப் பணம் தேவைப்பட்டபோது, நன்கொடையாக வந்த பொருள்களைப் பரிசாக வைத்துச் சீட்டு விற்றார். பெருஞ்செல்வர் ஒருவரைத் தேடிக்கொண்டிராமல் பலரிடம் சிறிது சிறிதாகக் கேட்டார். அவருடைய சபையினர் 1906-இல் தஞ்சையில் வந்து இறங்கியது முதல் தமிழகத்துச் சிறுவர்க்கும் அந்தத் திடலில் பங்கு உண்டு.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது இன்னும் நெருக்கமான கதை. மரிய சகோதரர் சபையைச் சேர்ந்த வால்பிரிட் என்ற துறவி, அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் பணம் திரட்ட வழி தேடினார். 1887 நவம்பரில், புனித மரியன்னை பங்கின் மன்றத்தில் கூடிப் பேசி ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதுவே செல்டிக் கழகம். பங்கு மக்கள் கூலி வாங்காமல் உழைத்து மைதானத்தை எழுப்பினார்கள். 1888 மே மாதம் முதல் ஆட்டமும் நடந்தது. சில ஆண்டுகளில் நிலத்துக்காரர் ஐம்பது பவுன் வாடகையை நானூற்றைம்பதாக உயர்த்தினார். மக்கள் சளைக்கவில்லை. அருகில் நீர் தேங்கிக் கிடந்த செங்கற்சூளைப் பள்ளத்தை வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பி, 1892-இல் புது மைதானம் கண்டார்கள். அதன் நடுவில் பதிக்க அயர்லாந்திலிருந்து புல்தரைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதையும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்களாம்! திருடர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

ஆனால் இந்தக் கதையின் பிற்பகுதியை மறைக்கலாகாது. 1892-இல் வால்பிரிட் இலண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897-இல் கழகம் பங்கு முதலீட்டு நிறுவனமாயிற்று. ஏழைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கென்று தொடங்கிய கழகத்தில் அந்த நோக்கம் மெல்லப் பின்னுக்குப் போயிற்று. மக்கள் சுமந்த மண் அங்கேயே இருந்தது. பலன் யாருக்கு என்ற கேள்விக்கு விடைதான் மாறிவிட்டது.

நம் ஊரில் இந்த ஆபத்துக்குப் பெயர் திருமண மண்டபம். நாற்பது மீட்டர் நீளத்தில் தூணில்லாத கொட்டகை ஒன்று எழுந்துவிட்டால் முகூர்த்த நாள்களில் அதைக் கேட்டு வருவோர் வரிசையாக நிற்பார்கள். முதலில் ஏழை வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு இரக்கப்பட்டுக் கொடுப்போம். பிறகு பராமரிப்புச் செலவுக்கென்று வாடகை. இரண்டு ஆண்டுகளில் நாற்காலி இழுத்த கீறலும் சாம்பார்க் கறையும் தரையில் இருக்கும். பந்து மீண்டும் தெருவுக்கு வந்துவிடும். வெள்ளம் போன்ற பேரிடருக்கு அதைத் திறந்துவிட வேண்டியது கடமை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தென் மாவட்டங்கள் தத்தளித்ததை எளிதில் மறப்போமா? ஆனால் பேரிடர் வேறு, வரவேற்பு விருந்து வேறு.

பணத்துக்கு வழியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குமரிக் கடற்கரையில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை நெருங்கி அமைந்த தூத்தூர் வட்டாரக் கத்தோலிக்க ஊர்களைப் பாருங்கள். கடலுக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பங்கள். அங்கே கால்பந்து ஊர்ச் சொத்து. அந்தக் கரையின் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-இல் இந்திய அணிக்காக ஆடினார். நம்மிடமோ பிடியரிசிக் கலயம் என்ற பழைய வழக்கம் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி ஒதுக்கும் பழக்கத்தால் கட்டிய சுவர்கள் நம் நாட்டில் ஏராளம். அசன விருந்தின் மிச்சம், திருவிழா ஏலத்தின் ஒரு பங்கு, ஆண்டுக்கு ஒரு நாள் வாணவேடிக்கைச் செலவு, வெளிநாட்டிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் முதல் மாத ஊதியத்தில் ஒரு சிறு தொகை. கொத்தனார் இரண்டு நாள் கூலி விட்டால் அதுவும் காணிக்கையே. பீடி சுற்றும் தாயிடம் மட்டும் பணம் கேட்க வேண்டாம். அவள் பிள்ளையை அனுப்பி வைத்தால் போதும்.

'கோவில் கூரை ஒழுகும்போது பந்துக்குக் கொட்டகையா?' என்ற கேள்வி வரும். வரத்தான் வேண்டும். ஒழுகும் கூரையை முதலில் அடையுங்கள். ஆனால் அதற்குப் பிறகு மூன்றாவது கோபுரம் கட்டலாம் என்று பேசும் இடங்களும் உண்டல்லவா? உடற்பயிற்சியும் விளையாட்டும் மனச் சமநிலைக்கும், பல இன, பல நிலை மக்களிடையே சகோதர உறவுக்கும் துணை புரியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் எழுதி வைத்திருக்கிறது. போலந்து நாட்டு வதோவிச் ஊரில் புனித இரண்டாம் யோவான் பவுல் சிறுவராயிருந்தபோது கோல் காத்தவர். யூதப் பிள்ளைகளின் அணியில் ஆள் குறைந்தால் அந்தப் பக்கம் போய் நின்று ஆடினார்.

நமக்கு உண்மையில் கடினமானது இதுதான். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு ஓர் எல்லை உண்டு. எந்தத் தெருப் பிள்ளை எந்தத் திடலில் ஆடலாம் என்பது எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. கயிற்றின் நிறத்தைப் பார்த்து அணி பிரிக்கும் கொடுமை பள்ளிகளில் புகுந்திருப்பதையும் அறிவோம். தெருவுக்கு ஓர் அணி என்று ஆட விட்டால் கட்டிய கொட்டகையே சண்டைக்களமாகும். ஐவர் அணியில் ஒரே தெருவினர் இருவருக்கு மேல் கூடாது என்று முதல் நாளே விதி செய்துவிட வேண்டும். இந்து வீட்டுப் பிள்ளைக்கும் இசுலாமிய வீட்டுப் பிள்ளைக்கும் அதே நேரம், அதே கட்டணமின்மை.

சாவி யாரிடம் இருப்பது? பங்குத்தந்தையர் மாற்றலாகிப் போவார்கள். பங்குப் பேரவையின் தலைமை மாறும். ஆகவே இரண்டு தாய்மாரும் இரண்டு பயிற்சியாளரும் அடங்கிய சிறு குழுவிடம் சாவி இருக்கட்டும். செவ்வாய், வியாழன், சனி மாலைகள் பெண் பிள்ளைகளுக்கு என்று பலகையில் எழுதி, எந்தத் திருமணத்துக்கும் அழிக்கக் கூடாத சாயத்தில் எழுதி, வாயிலில் மாட்டுங்கள். அடித்தளக் குழி தோண்டும் முன்பே அந்தப் பலகை தயாராகிவிடட்டும்.