உந்தத்தின் வரவு செலவு

நான்காம் படிவத்தில் நம் பிள்ளைகள் "பிரின்சிப் கெஅபாடியான் மொமெண்டம்" என்று மலாயில் படிப்பதைத் தமிழில் உந்த அழிவின்மை விதி என்பார்கள். ஒரு பொருளின் நிறையை அதன் வேகத்தால் பெருக்கி, போகும் திசையையும் சேர்த்துச் சொன்னால் அதுவே உந்தம். மோதலில் மொத்த உந்தம் மாறாது என்று பிள்ளைகள் மளமளவென ஒப்பிப்பார்கள். "அப்படியானால் உருட்டிவிட்ட பந்து ஏன் நின்றுபோகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பார்கள்.

விதியோடு ஒரு நிபந்தனை உண்டு. கணக்கில் சேர்த்துக்கொண்ட பொருள்களை வெளியிலிருந்து எதுவும் தள்ளவோ இழுக்கவோ கூடாது. அல்லது அந்த வெளிவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட வேண்டும். அண்ணன் தம்பிக்குக் கொடுத்த பணத்தால் வீட்டின் கையிருப்பு குறையாது. கடைக்காரருக்குக் கொடுத்தால் குறையும். உருளும் பந்துக்குத் தரைதான் கடைக்காரர்.

கேரம் ஆடியவர்களுக்கு இது கைப்பழக்கம். ஸ்ட்ரைக்கர் காயைத் தொட்டு விலகும் கணத்திற்குள் பலகையின் உராய்வு பறித்துக்கொள்வது அற்பம். ஸ்ட்ரைக்கர் இழந்தது காய்க்குப் போகிறது. அதன் பிறகு பலகை இரண்டிடமும் வசூலிக்கத் தொடங்கும். மாவு தூவுவது அந்த வசூலைக் குறைக்கத்தான்.

மாசி மகத்தன்று மலாக்கா பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலைக்கு இரதம் போகும் வழியில் தேங்காய் உடைபடுவதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். நேர் கீழாக ஓங்கி அடித்தால் கீழ்நோக்கிய உந்தத்தைச் சாலை வாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் காய்க்கு உந்தமே இல்லாததால் சில்லுகள் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஈடாகச் சிதறும். சாய்த்து எறிந்தாலோ, சாலை ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டாலும் மீதி உந்தம் சில்லுகளோடு முன்னே பாயும். உடைப்பவருக்கு எதிரே குழந்தைகளை நிறுத்தாதிருப்பது நலம்.

இந்த விதி இரக்கமில்லாமல் நடந்துகொள்ளும் இடம் சாலை. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். செம்பனைக் குலை ஏற்றிய 10,000 கிலோ லோரி மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே, ஆளோடு சேர்த்து 200 கிலோ உள்ள மோட்டார் சைக்கிள் விநாடிக்கு 20 மீட்டர். லோரியின் உந்தம் 100,000. மோட்டார் சைக்கிளுடையது எதிர்த்திசையில் 4,000. மோதி ஒன்றாக ஒட்டிக்கொண்டால், மீதி 96,000ஐ 10,200ஆல் வகுக்க வேண்டும். லோரி போன திசையிலேயே விநாடிக்கு சுமார் 9.4 மீட்டர் வேகத்தில் இரண்டும் நகரும். இரும்பு நசுங்கியதிலும் சத்தத்திலும் ஆற்றல் செலவானது. உந்தத்தில் ஒரு காசும் குறையவில்லை. ஒன்று இழந்ததும் மற்றது பெற்றதும் சரிசமம். ஆனால் லோரியின் வேகம் 0.6 மீட்டர்தான் மாறியது. மோட்டார் சைக்கிளின் வேகமோ 29.4 மீட்டர் புரண்டது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல்! "லோரி மெதுவாகத்தானே வந்தது" என்று பிறகு பேசிப் பயனில்லை.

தலைக்கவசம் இந்தக் கொடுக்கல் வாங்கலை நிறுத்தாது. அதன் உள்நுரை நசுங்கும்போது தலை நிற்கும் நேரம் நீள்கிறது; நேரம் நீண்டால் விசை தணிகிறது. காரின் இருக்கைப் பட்டைக்கும் இதே வேலைதான். 2009 சனவரி முதல் நாட்டில் பின்னிருக்கைக்கும் அது கட்டாயம். பட்டை போடாமல் பின்னால் அமர்ந்த பாட்டியின் உந்தம், கார் மோதி நின்ற கணத்திலும் பாட்டியிடமே இருக்கும். அதை வாங்கிக்கொள்வது முன்னிருக்கையில் இருப்பவரின் முதுகு.