ஜெராக்ஸ் கடையும் திறந்த பாடநூலும்: கல்லூரி ஆசிரியர் அறிய வேண்டியவை

பாளையங்கோட்டையைத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லிப் பெருமைப்படுவது நம் ஊர் வழக்கம். அசல் ஆக்ஸ்போர்டோ, 2012-இல் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மேல் வழக்குப் போட்டது. கேம்பிரிட்ஜும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகமும் கூடவே சேர்ந்துகொண்டன. ஆசிரியர்கள் சொன்ன புத்தகங்களிலிருந்து வேண்டிய பக்கங்களை நகலெடுத்து, கட்டாகத் தைத்து மாணவர்களுக்கு விற்றதுதான் ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீதிருந்த புகார்.

2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. டிசம்பர் 9 அன்று மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்பதை உறுதி செய்தது. அந்தக் கட்டுகளில் இருந்தவை பாடத்துக்குத் தேவைப்பட்டவைதாமா என்பதை மட்டும் விசாரிக்கச் சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஆனாலும் நம் கல்லூரிகளில் பயமும் அசட்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. மாற்றி எழுதவும் அச்சிடவும் அனுமதி தந்த புத்தகத்தைத் தொடத் தயங்குகிறோம். யாரோ ஸ்கேன் செய்த, விலைக்கு விற்கும் புத்தகத்தின் பிடிஎஃபை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூசாமல் போடுகிறோம். இரண்டுக்கும் காரணம், முதல் பக்கத்தில் இருக்கும் உரிமக் குறிப்பைப் படிக்காததுதான்.

சட்டமே தரும் இடம்

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(i), பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் நகலெடுக்க இடம் தருகிறது. வினாத்தாளில் சேர்ப்பதற்கும் விடையில் எழுதுவதற்கும் அதே பாதுகாப்பு உண்டு. தில்லித் தீர்ப்பு நின்றது இந்தப் பிரிவின் மேல்தான். திருநெல்வேலி, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருவதால் அத்தீர்ப்பு இங்கே கட்டாயமாகாது. ஆனால் வாதத்துக்கு வலுவான துணை.

இந்த இடத்துக்கு எல்லையும் உண்டு. வகுப்புக்குத் தேவையான அத்தியாயத்தை அந்த வகுப்பு மாணவர்களுக்குக் கொடுப்பது வேறு. முழுப் புத்தகத்தையும் உலகமே இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்கு ‘பாடம் நடத்தினேன்’ என்ற பதில் நிற்காது.

காலம் கடந்த படைப்புகளுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். நூலாசிரியர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு, அவர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். நம் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரனார் 1897-இல் மறைந்தார். அவருடைய ‘மனோன்மணீயம்’ நாடகத்தை யாரும் அச்சிடலாம், நடிக்கலாம். புதுமைப்பித்தன் மறைந்தது 1948-இல். அவர் வாழ்நாளில் அச்சேறிய கதைகள் 2009 ஜனவரியிலிருந்து எல்லாருக்கும் பொது. வண்ணதாசன் கதைகள் அப்படியல்ல. தொகுப்பில் சேர்க்க அவரிடமோ பதிப்பாளரிடமோ கேட்க வேண்டும். புதுமைப்பித்தன் கதை பொதுவானது என்றாலும், ஒரு செம்பதிப்பில் இன்றைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருக்கே உரியவை.

உரிமம் தரும் கூடுதல் இடம்

உரிமைக்காலம் முடியாத படைப்பில் சட்டம் தருவது நகலெடுக்கும் இடம் மட்டும். திருத்தி, மொழிபெயர்த்து, புத்தகமாக்கி, இணையத்தில் ஏற்றிப் பகிர வேண்டுமானால் திறந்த உரிமம் வேண்டும். 2002-இல் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்களே இன்று பரவலானவை. நான்கு குறிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ‘பை’ என்றால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். ‘எஸ்ஏ’ என்றால் மாற்றி வெளியிடுவதை அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும். ‘என்சி’ என்றால் வணிகம் கூடாது. ‘என்டி’ என்றால் மாற்றியதைப் பகிரக் கூடாது. தமிழாக்கமும் மாற்றம்தான் என்பதால் நமக்கு மிகவும் இடைஞ்சலானது இது.

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் பாடங்களும், ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களும் பை-எஸ்ஏ வகை. பின்னதில் தமிழ்க் குரலிலேயே கணினிப் பாடங்கள் கிடைக்கும். தமிழ் விக்கிமூலத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் நாட்டுடைமையான நூல்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து ஓப்பன்ஸ்டாக்ஸ், பட்டப்படிப்புக்கான முழுப் பாடநூல்களையே இலவசமாகத் தருகிறது.

இதில் என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்’ முதல் தொகுதியில் 14-ஆம் அத்தியாயம் பாய்மங்களைப் பற்றியது. அங்கே அணை பற்றிய கணக்குக்குப் பதிலாக நம் பாபநாசம் அணையைப் போடலாம். அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, அதாவது சுமார் 43.6 மீட்டர். அந்த ஆழத்தில் நீர் மட்டும் தரும் அழுத்தம் சுமார் 4.27 லட்சம் பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல நாலு மடங்குக்குச் சற்று மேல். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று தினமும் பேப்பரில் பார்க்கும் அம்பாசமுத்திரத்து மாணவிக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இராது. நோட்ஸின் கீழே இப்படி ஒரு வரி போட வேண்டும்:

“ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட ‘யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்’ முதல் தொகுதி, 14-ஆம் அத்தியாயத்தைத் தழுவியது. மூல ஆசிரியர்கள்: சாமுவேல் லிங், ஜெஃப் சன்னி, வில்லியம் மோப்ஸ். உரிமம்: சிசி பை 4.0. தமிழாக்கம் செய்து எடுத்துக்காட்டுகளை மாற்றியிருக்கிறோம்.”

இதோடு மூல நூலின் இணைய முகவரியையும் உரிமத்தின் முகவரியையும் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது.

எங்கே சறுக்கும்?

ஒரே பதிப்பகத்தின் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே உரிமம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘கால்குலஸ்’ பை-என்சி-எஸ்ஏ உரிமத்தில் வந்தது. அதிலிருந்து ஒரு பகுதியையும் விக்கிப்பீடியாவின் பை-எஸ்ஏ கட்டுரையில் ஒரு பகுதியையும் கலந்து ஒரே பாடமாக எழுதி வெளியிட முடியாது. ஒன்று வணிகத்தைத் தடுக்கிறது, மற்றது அப்படித் தடுக்கவே கூடாது என்கிறது. கலக்காமல் தனித்தனிப் பாடங்களாக, அவரவர் உரிமக் குறிப்போடு அடுத்தடுத்து வைக்கலாம்.

திறந்த புத்தகத்துக்குள்ளேயே பிறரிடம் அனுமதி வாங்கிப் போட்ட படங்கள் இருக்கும். படத்தின் அடியில் இருக்கும் சிறு எழுத்தையும் பார்த்துவிட வேண்டும்.

‘என்சி’ பாடத்தை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து நகலெடுக்கலாமா? 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பள்ளிக்காக ஃபெடெக்ஸ் கடை நகலெடுத்துக் கொடுத்தது உரிம மீறல் அல்ல என்றது. கடைக்காரர் நாம் சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். கடையே முன்கூட்டி அச்சடித்து அடுக்கி லாபத்துக்கு விற்றால் கதை வேறு.

தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் பிரிவு 63-இன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம்.

சறுக்கினால் என்ன செய்வது?

திறந்த உரிமத்தில் தவறு நேர்ந்தால் பதற வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில், தவறு தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் இழந்த உரிமை தானாகத் திரும்பும். விட்டுப்போன பெயரைச் சேர்த்தாலே பல சிக்கல்கள் தீரும். முந்தைய 3.0 பதிப்பில் இந்தச் சலுகை இல்லை; அதனால் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் வந்தால், சர்ச்சைக்குரிய கோப்பை எடுத்துவிட்டு, எங்கிருந்து எப்போது எடுத்தோம் என்ற பதிவோடு முதல்வரிடம் தெரிவியுங்கள். இறக்கிய நாளிலேயே உரிமப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும். ஆதாரமில்லாமல் மிரட்டுபவர் மீது நாமே வழக்குத் தொடர பிரிவு 60 வழி தருகிறது.

திருட்டு நம் பக்கமும் நடக்கலாம். நீங்கள் எழுதிய நோட்ஸ் வேறொருவர் பெயரில் கைடாக வந்தால், பதிவு செய்யவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். எழுதியதுமே உரிமை பிறந்துவிடுகிறது. பிரிவு 62 நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. பதிப்பாளர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. இணையத்தில் இருந்தால் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகாரில் முகாந்திரம் இருந்தால் தளம் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு பெற்றாக வேண்டும். பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வேலையின் பகுதியாக எழுதியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிர்வாகமே முதல் உரிமையாளர் ஆகலாம் என்கிறது பிரிவு 17. உங்கள் நோட்ஸைத் திறந்த உரிமத்தில் விடுமுன் கல்லூரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

1921-இல் மறைந்த பாரதியின் எழுத்து எல்லாருக்கும் ஆவதற்கு, 1949-இல் அரசே உரிமையை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. கல்லூரி ஒப்புக்கொண்டால், உங்கள் ஓர் அலகு நோட்ஸை எல்லாருக்கும் பொதுவாக்க ‘சிசி பை-எஸ்ஏ 4.0’ என்று ஒரு வரி போதும். இந்தப் பருவத்திலேயே ஒரு தாளில் ஓர் அலகுக்கு அதைச் செய்து பாருங்கள். அடுத்த ஆண்டு ஆழ்வார்குறிச்சியிலோ தூத்துக்குடியிலோ அதே தாளை நடத்துபவர் முதலிலிருந்து எழுத வேண்டியிராது.