வால்வு மேல் விழும் பழி

நான் பட்டறையில் தொழில் பழகிய காலத்தில் ஈ.ஜி.ஆர். வால்வு என்றால் காளான் மாதிரி ஒரு தகர மூடி, அதன் தலையில் ஒரு வேக்கம் ஹோஸ், அவ்வளவுதான். எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடியும் இன்ஜினுக்குள் விட்டு, எரியும் சூட்டைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும். அமெரிக்கக் கார்களில் 1970-களின் தொடக்கத்திலேயே வந்த சாமான் அது. நம் ஊரில் புகை விதிகள் இறுகிய பிறகுதான் பரவலாகக் கண்ணில் பட்டது.

அன்று சோதனைக்கு விரலே போதும். ஐட்லிங்கில் ஓடவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூடிக்கு அடியில் டயாஃப்ரத்தை மேலே தள்ளுவோம். பெட்ரோல் இன்ஜின் என்றால் குலுங்கி நின்றுபோகும். அப்படியானால் வால்வும் பாதையும் சரி. அசையாமல் ஓடினால் உள்ளே கரி அடைத்திருக்கிறது. (டீசல் அவ்வளவு கோபப்படாது, சத்தம்தான் மாறும்.) கரண்ட் வேலை என்று இருந்தது வேக்கத்தைத் திறந்து மூடும் சோல்னாய்டு ஒன்றுதான். இரண்டு ஒயர். டெஸ்ட் லேம்ப் எரிகிறதா, இல்லையா?

இன்று வால்வுக்குள்ளேயே மோட்டார், வால்வு எவ்வளவு திறந்தது என்று இன்ஜின் கணினிக்குச் சொல்ல ஒரு சென்சார், கப்ளரில் கொத்தாக ஒயர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு இந்தக் கணினி இன்னும் கறாராகிவிட்டது. டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு நிமிடத்தில் கோளாறுக் குறியீடு வந்துவிடும்.

போன மாதம் ஒரு டீசல் வண்டிக்கு வந்தது பி0403. பட்டறைப் பையன் வால்வை மாற்றிவிட்டான். மறுநாளே டாஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தது.

"சர்க்யூட் கோளாறுன்னுதானே தம்பி போட்டிருக்கு, வால்வுன்னு எங்க போட்டிருக்கு?"

"ஒயரையும் பார்த்துட்டேங்கண்ணா. மீட்டர்ல கண்டினியூட்டி இருக்குங்க."

இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது 'பீப்' என்று கத்தும். மோட்டார் கேட்கும் கரண்டை அந்த இழை தாங்காது. பேட்டரியைக் கழற்றி, மோட்டார் ஒயர்கள் ஒவ்வொன்றின் இரண்டு முனைகளையும் வண்டியிலிருந்து விடுவித்தோம். ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட், மறுமுனையில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, அதற்கு எர்த். பல்பு இழுப்பது ஏறத்தாழ 2 ஆம்பியர். முதல் ஒயரில் பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதில் மங்கலாகச் சிவந்தது. கையால் தடவிக்கொண்டே போனேன். கிளாம்ப் அடியில், வெளித்தோல் முழுசாக இருந்த இடத்தில், ஒயர் கொழகொழவென்று மடிந்தது. அறுத்துப் பார்த்தால் செம்பெல்லாம் பச்சை பூத்துப்போயிருந்தது.

பழைய பழக்கத்தில் அந்தப் பல்பை சென்சாரின் 5 வோல்ட் ஒயரில் மட்டும் வைத்துவிடக் கூடாது, கணினியே போய்விடலாம். அதற்கு மீட்டர்தான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈ.ஜி.ஆர். வால்வை மாற்றணும் என்று சொன்னால், ஒயரை லோடு கொடுத்துப் பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.