மீனை வாழவைக்கும் மணல்

மலைநாட்டுப் பாடசாலை மாணவர் கொழும்புக்குச் சுற்றுலாச் செல்லும்போது தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைக் காணாது திரும்புவது அரிது. 1936 ஆம் ஆண்டு முதல் அரசின் பொறுப்பில் இயங்கிவரும் அங்கே மீன்காட்சிச்சாலையும் உண்டு. கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் மீன்களின் வண்ணத்தில் மயங்குவோர் பலர். ஆனால் கடல்மீன் தொட்டியொன்றின் அடியிற் கிடக்கும் மணலை நோக்குவோர் எத்தனை பேர்? அம்மணலே அத்தொட்டியின் உயிர்நாடி எனலாம்.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. மணல்மணிகளின் மேல் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. வேறொரு வகையின நைத்திரைற்றை, தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. ஒட்சிசன் எட்டாத ஆழத்தில் வாழும் பிறிதொரு கூட்டம் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகிறது.

1877 ஆம் ஆண்டில் சிலேசிங், மியூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணலும் சிறிது சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயினூடாகக் கழிவுநீரை மெல்லக் கசியவிட்டனர். ஏறக்குறைய 20 நாட்கள் யாதொரு மாற்றமும் நிகழவில்லை. அதன்பின் அமோனியா மறைந்து நைத்திரேற்று தோன்றியது. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அச்செயல் நின்றது. மணல் தானே இதனைச் செய்வதாயின் ஆவியால் நிற்பானேன்? செய்தவை உயிர்கள் என்பது அதனாற் புலனாயிற்று. அந்த 20 நாட்களை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். புதுமணலில் உயிர்க்கூட்டம் குடியேற நாட்கள் பல செல்லும்.

நிற்க. மணல் அழுக்கேறிவிட்டதென்று கருதி, ஒரே நாளில் முழுவதையும் அள்ளிக் குழாய்நீரிற் கழுவி மீண்டும் இடுவோர் உளர். குழாய்நீரிலுள்ள குளோரினும் உப்பற்ற நீரும் பற்றீரியாக்களை மாய்த்துவிடும். தொட்டி பளிச்சிடும். ஆயினும் சில நாட்களுள் அமோனியா ஏறி மீன்கள் மடியக்கூடும். தூய்மை வேறு, வெறுமை வேறு.

மாற்றும் முறை இதுவாகும். படுக்கை 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆழமே உடையதாயின், அதனை நான்கு பகுதிகளாக மனத்திற் பிரித்துக்கொள்க. ஒரு பகுதியை இறப்பர்க் குழாயினால் நீரோடு உறிஞ்சி வெளியேற்றுக. வெளியேறிய நீருக்கு ஈடாக, அதே உப்பளவும் வெப்பமும் உடைய உப்புநீரை ஊற்றுக. கழுவிய புதுமணலை அகன்ற குழாயொன்றின் வழியே அடிவரை இறக்கினால் நீர் கலங்காது. பழைய மணலில் ஒரு கிண்ணமளவை அதன்மேற் பரப்புக. தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது அது. மூன்று நான்கு வாரங்கள் சென்று, அமோனியா இல்லையெனச் சோதித்தபின் அடுத்த பகுதிக்குச் செல்க. ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்த ஆழ்ந்த படுக்கையிற் கருந்திட்டுக்களும் அழுகிய முட்டை மணமும் காணப்படின், அங்கே ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு தங்கியிருக்கலாம். அத்தகைய படுக்கையைக் கிளறுமுன் மீன்களை வேறு கலத்துக்கு மாற்றுதல் நன்று.

எம்மணலை இடுவது? யட்டியாந்தோட்டையிலுள்ள நமக்குக் களனி கங்கையின் மணலே முதலில் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் படிகக்கல் துகள், கடல்நீரிற் கரையாது. ஆற்றுச் சேறும் தோட்டங்களிலிருந்து வழிந்துவரும் மருந்தும் உரமும் அதனோடு கலந்திருக்கலாம். முருகைக்கல் மணலோ கல்சியங் காபனேற்றினால் ஆனது. அமிலம் மிகும் இடத்தில் அது சிறிது சிறிதாகக் கரைந்து, நீரின் காரத்தன்மை குன்றாதிருக்க ஓரளவு உதவும். கடல்மீனுக்கு உகந்த பி.எச். பெறுமானம் 8.1 முதல் 8.4 வரையாகும்.

அம்மணல் உண்டாகும் விதமும் வியப்புக்குரியது. கிளிமீன் முருகைக்கல்லைக் கொறித்து, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டிற் பல நூறு கிலோகிராம் மணலை ஆக்கவல்லது. இத்தனை உழைப்பில் விளைந்ததைக் கடற்கரையில் அள்ளிவருதல் தகாது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்கிறது. நன்கு கழுவிய சிப்பித்தூளோ, முறைப்படி விற்கப்படும் மணலோ போதுமானது.

தேயிலை நாட்டிற் பிறந்த மாணவருக்கு இவ்வுண்மை புதிதன்று. மேல்மண் மழையோடு போன சரிவில், எத்துணை உரமிட்டாலும் செடி முன்போற் செழிப்பதில்லை. மண்ணாயினும் மணலாயினும் அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கூட்டமே மேலுள்ள உயிரைத் தாங்குகிறது. ஆதலால் தொட்டியைத் துப்புரவாக்கக் கைவைக்குமுன், அங்கு குடியிருப்போர் மீன்கள் மாத்திரமல்லர் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.