சுவரில் தொங்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி

குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போனால், வெலிங்டனுக்கு அடுத்து அருவங்காடு நிலையம் வரும். அங்கே 1904-இல் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. 'கார்டைட்' என்னும் புகையில்லா மருந்தைச் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது அது. அதே மலையில், பழைய தேயிலைத் தோட்டப் பங்களாக்கள் சிலவற்றில், பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி சுவரில் தொங்குவதைக் காணலாம். புகையில்லா மருந்துக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

அத்துப்பாக்கி பெரும்பாலும் '12 போர்' ஆக இருக்கும். 12 என்பது அங்குலமோ சென்டிமீட்டரோ அல்ல. ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக அடங்குமோ அது 12 போர். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர் என்று வரும். ஆனால் சுடும்போது ஒரே குண்டு போவதில்லை. ரவை எனப்படும் சின்னஞ்சிறு ஈயக் குண்டுகள் கூட்டமாகப் பாயும்.

பழைய தோட்டாக்களில் இருந்தது கருமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இது எரிந்தால் பாதிக்கும் குறைவான எடையே வாயுவாகிறது. மீதி புகையும் கசடும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். நீலகிரி மூடுபனியில் கேட்கவா வேண்டும்! சுட்ட அன்றே குழலை வெந்நீர் விட்டுக் கழுவி, எண்ணெய் போடவேண்டும். போடாமல் விட்ட மாலைகளும் இருந்திருக்கும் அல்லவா?

இனிக் குழலைப் பாருங்கள். பாயின் பின்னல் போல, சுருள் சுருளாக அழகான கோலம் தெரிந்தால் அது 'டமாஸ்கஸ்' குழல். தென்னிந்திய உருக்கில் செய்த புகழ்பெற்ற வாள்களுக்கும் அந்தப் பெயர் உண்டு; ஆனால் குழல் செய்த முறை வேறு. இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, கயிறு போல முறுக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றிச் சம்மட்டியால் அடித்து ஒட்டுவார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் இது பெருந்தொழிலாக நடந்தது. ஆக, குழல் முழுவதும் ஒட்டுகளே. நல்ல கொல்லன் செய்த புதுக்குழல் வலுவானதுதான். அதைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் ஒட்டுகளுக்கிடையே சிக்கிய கசடு வழியாக, நூறாண்டுத் துரு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

புகையில்லா மருந்துகளுக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். (கார்டைட் துப்பாக்கி ரவைக்கல்ல, ரைஃபிளுக்கும் பீரங்கிக்கும் ஆனது, ஆயினும் ஒரே குடும்பம்.) இவை ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். அதோடு, அழுத்தம் கூடக் கூட இவை மேலும் வேகமாக எரியும். கருமருந்தில் அந்தப் போக்கு மிகக் குறைவு. கருமருந்தை அளக்கும் கரண்டியால் இதை அளந்து போட்டால் கேடுதான்.

குழலின் சுவர் தாங்கவேண்டிய இழுவிசைத் தகைவு எவ்வளவு? வாயு அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிப்பால் வகுத்தால் ஏறக்குறையக் கிடைக்கும். துரு பாதிச் சுவரைத் தின்றுவிட்டால் தகைவு இரட்டிப்பாகிறது. வெடிக்கும் இடம் பெரும்பாலும் சுடுபவரின் இடது கைக்கு அருகிலேயே.

குழலைக் கழற்றி அடிப்புறம் பார்த்தால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். 'நைட்ரோ புரூஃப்' என்றிருந்தால் புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்கியது என்று பொருள். ஆனால் முத்திரை குத்திய அன்று தாங்கியது, அவ்வளவே.

இந்தத் துப்பாக்கிகள் ஓய்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. விலங்குகள் அருகுவதைக் கண்டு, நீலகிரியில் வேட்டைக்காரர்களே 1877-இல் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள்; 1879-இல் அதற்கென ஒரு சட்டமும் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனால் சுவரில் தொங்கும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். அதில் தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பதுகூட உரிமம் பெற்றவரின் வேலை, உங்கள் வேலையல்ல.