நீர்வழி நாடு

கேரள மாநிலத்தின் கடற்கரையில், கொச்சிக்கும் கொல்லத்துக்கும் இடையே அமைந்துள்ளது ஆலப்புழை மாவட்டம். 1957 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இது தனி மாவட்டமாயிற்று. இதன் மேற்கே அரபிக் கடல் அலை வீசுகிறது. வடகிழக்கே வேம்பநாட்டுக் காயல் விரிந்து கிடக்கிறது. கடலையடுத்து, முகத்துவாரத்தின் வாயிலாக அதனோடு தொடர்பு கொண்டு நிற்கும் நீர்ப்பரப்பே காயல் எனப்படும். மலையினின்று இறங்கிவரும் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் இக்காயலை நாடி வருகின்றன. எப்பக்கம் திரும்பினும் இம்மாவட்டத்தில் நீரே கண்ணிற்படும். அந்நீருக்கு எங்கே அணையிடுவது, எங்கே வழிவிடுவது என்பதை அறிந்து வாழ்வதே இங்குள்ள மக்களின் வாழ்க்கைக் கலை எனலாம்.

ஆலப்புழை நகரம் திட்டமிட்டு ஆக்கப்பட்ட துறைமுகப் பட்டினமாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராசா கேசவதாசர் இதனை வளம்பெறச் செய்தார். காயல் வழியே படகுகளில் வந்த மிளகும் இஞ்சியும் கொப்பரையும் கடற்கரையை எளிதில் அடைதல் வேண்டும் அன்றோ? அதற்கென இரண்டு கால்வாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக வெட்டப்பெற்றன. ஒன்று வாடைக் கால்வாய். மற்றொன்று வாணிகக் கால்வாய். அவற்றின் கரைகளில் பண்டகசாலைகள் எழுந்தன. 1859 இல் கயிற்றுப் பாய் நெய்யும் தொழிற்சாலை தோன்றியது. 1862 இல் கலங்கரை விளக்கம் அமைந்தது. பிற்காலத்தில் கொச்சித் துறைமுகம் வளர்ந்தமையால் இங்குக் கப்பல்கள் வருவது நின்றது. ஆயினும், கால்வாய்களும் அவற்றின்மீது அமைந்த பாலங்களும் நகருக்கு இன்றும் அழகு தருகின்றன. இது கருதியே இதனைக் ‘கிழக்கு நாட்டு வெனிசு’ என்று அழைக்கின்றனர்.

நகரினின்று படகேறிக் கிழக்கே சென்றால் குட்ட நாட்டைக் காணலாம். குட்டம் என்னும் சொல்லுக்கு ஆழம் என்பது பொருள். பழந்தமிழர் கூறிய பன்னிரு நாடுகளுள் குட்ட நாடும் ஒன்று. சேர மன்னர் சிலர் குட்டுவன் என்னும் பெயர் தாங்கியதும் இந்நாட்டின் தொடர்பாலேயே என்பர். பெயருக்கேற்ப, இங்குள்ள வயல்கள் பல கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் முதல் இரண்டரை மீட்டர் வரை தாழ்ந்துள்ளன. படகிலிருந்து நோக்குவோர், தாம் செல்லும் நீருக்கும் கீழே நெற்பயிர் அசைவதைக் கண்டு வியப்பெய்துவர்.

இவ்வயல்கள் எங்ஙனம் உண்டாயின? ஆழங்குறைந்த காயற்பகுதியில் தென்னங்கழிகளை இரு வரிசையாக நட்டனர். அவற்றின் இடையே மணலும் தழையும் சேறும் இட்டு வரம்பு எழுப்பினர். பின்னர் உள்ளே நின்ற நீரை மிதிசக்கரங்களால் இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினர். மூச்சடக்கிக் காயலுள் மூழ்கிச் சேற்றை அள்ளி வந்தோர், நிலம் ஏதுமற்ற உழவுத் தொழிலாளரே ஆவர். அவர் ஆக்கிய நிலத்தில் விளைந்த நெல் பல்லாயிரம் மக்களின் பசியைத் தீர்த்தது. இவ்வேளாண்மையின் அருமையை உணர்ந்து, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013 இல் இதனை உலகின் சிறப்புமிக்க வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

இம்மாவட்டத்துக் கோயில்களும் புகழ் வாய்ந்தவை. அம்பலப்புழைக் கண்ணன் கோயிலின் பாற்பாயசத்தைப் பற்றிச் சுவையான கதையொன்று வழங்குகிறது. முனிவர் ஒருவர் செம்பகசேரி மன்னனைச் சதுரங்கத்தில் வென்றாராம். முதற் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என, அறுபத்து நான்கு கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருமாறு வேண்டினாராம். மன்னன் நகைத்தான். ஆனால் இருபத்தோராம் கட்டத்திலேயே மணிகளின் தொகை 10,48,576 ஆயிற்று! கடன் தீராது என்றுணர்ந்த மன்னன், அதற்கீடாக நாள்தோறும் பாயசம் வழங்க ஏற்பாடு செய்தான் என்பது கதை. மலையாளக் கவிஞர் குஞ்சன் நம்பியார் துள்ளற் கலையை முதன்முதல் ஆடிக் காட்டியதும் இக்கோயிலில்தான் என்பர்.

அரிப்பாட்டை அடுத்த மண்ணாறசாலையில் ஆயிரக்கணக்கான நாகச் சிலைகள் மரநிழலில் நிரல்பட நிற்கின்றன. அங்குத் தலைமை வழிபாடு நிகழ்த்துபவர் ஒரு மூதாட்டியார் ஆவார். கருமாடியில் கருங்கல்லாலான பழைய புத்தர் சிலை ஒன்று, ஒரு பக்கம் சிதைந்த நிலையில் காணப்படுகிறது. எடத்துவாவிலுள்ள புனித சார்ச்சு தேவாலயத் திருவிழாவுக்குத் தமிழ்நாட்டினின்றும் மக்கள் திரளாகச் செல்கின்றனர்.

விழாக்களுள் தலைசிறந்தது வள்ளங்களி எனப்படும் படகுப் பந்தயமாகும். அம்பலப்புழைக் கோயிலுக்குரிய கண்ணன் திருவுருவம் குறிச்சியினின்று படகில் கொண்டுவரப்பட்டபோது, வழியில் சம்பக்குளத்தில் ஒரு கிறித்தவர் இல்லத்தில் வைத்துப் போற்றப்பட்டது என்பது மரபு. அந்நிகழ்ச்சியின் நினைவாகவே மிதுனத் திங்கள் மூல நாளில் சம்பக்குளத்துப் பந்தயம் நடைபெறுகிறது. சுண்டன் வள்ளம் எனப்படும் பாம்புப் படகு, நூறடிக்கு மேல் நீளமுடையது. அதன் பின்புறம் படமெடுத்த நாகம்போல் உயர்ந்து நிற்கும். ஏறத்தாழ நூறு பேர் வஞ்சிப்பாட்டின் தாளத்துக்கு இணங்கத் துடுப்பு வலிப்பர். ஒருவர் துடுப்புத் தாளம் தவறினும் படகின் விரைவு குன்றும். 1952 இல் இங்கு வந்த தலைமை அமைச்சர் நேரு, இப்பந்தயத்தைக் கண்டு களித்து, வென்ற படகில் தாமே தாவி ஏறினார். பின்னர் அவர் அனுப்பிய வெள்ளிக் கோப்பைக்காகவே புன்னமடைக் காயலில் ஆண்டுதோறும் போட்டி நடத்தும் வழக்கம் தோன்றியது.

இத்தகைய நாட்டுக்கும் இடர் உண்டு. கோடையில் கடலின் உப்புநீர் காயலுள் ஏறிப் பயிரைக் கெடுக்கும். அதனைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டப்பெற்று, 1970-களில் பயன்பாட்டுக்கு வந்தது. உழவர் பயனடைந்தனர். ஆயின், உப்புநீர் வந்து களைகளை அழித்துக் காயலைத் தூய்மை செய்யும் இயற்கை ஒழுங்கு தடைப்பட்டது. ஆகாயத்தாமரை மண்டியது, மீனும் இறாலும் குறைந்தன. மதகுகள் மூடியிருத்தல் வேண்டும் என்பர் உழவர். திறந்திருத்தல் வேண்டும் என்பர் மீனவர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. கும்பகோணத்தில் பிறந்து, குட்ட நாட்டு மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்ட வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆய்வு நிறுவனம், இந்நிலையைச் சீர்செய்யும் வழிகளை 2007 இல் ஆராய்ந்து கூறியது.

வெள்ளநீரைக் கடலுக்கு அனுப்பவெனத் தோட்டப்பள்ளியில் 1955 இல் அமைந்த மதகும், எதிர்பார்த்த அளவு நீரை வெளியேற்றவில்லை. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெருவெள்ளம் வந்தபோது, குட்ட நாட்டு மக்கள் பெருந்திரளாக வீடுகளை விட்டுச் சங்கனாசேரி முதலிய மேட்டு நிலங்களில் தங்க நேர்ந்தது. அவ்வாண்டுப் படகுப் பந்தயமும் நவம்பர் வரை தள்ளிப்போயிற்று. நீர் வடிந்ததும் மக்கள் ஒருங்கு கூடினர், உடைந்த வரம்புகளை அடைத்தனர், வயல்நீரை இறைத்தனர், மீண்டும் விதைத்தனர்.

வரம்பு ஓரிடத்தில் உடையினும் வயல் முழுவதும் மூழ்கும். ஆதலின், தன் பங்கை மட்டும் காப்பவன் அங்கே எதையும் காத்தவனாகான். நூறு துடுப்புகள் ஒருங்கே நீரைத் தொடும் பந்தயப் படகும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது. ஆலப்புழையைக் காணச் செல்வோர் நீரின் எழிலைக் கண்டு மகிழ்வதோடு, அந்நீரோடு ஒன்றுபட்டு வாழும் மக்களின் ஒற்றுமையையும் உணர்ந்து வருதல் வேண்டும்.